ஒரே பெண் என்றால் எல்லாச் சுமையும் அவள் தலையில்: நதாஷா ரோமனாஃபை எழுதிய கதை

கேள்வி இதுதான்: சூப்பர்ஹீரோ படங்களில் குழுவுக்கு ஒரு பெண் என்று வைத்துவிட்டு, அவளை ஏன் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதுகிறார்கள்? அழகாக இருப்பாள், பிரமாதமாகச் சண்டை போடுவாள், ஆனால் படம் முடிந்து வெளியே வந்தால் அவளைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. எழுத்தாளர்களுக்குப் பெண்களை எழுதத் தெரியவில்லையா, இல்லை வேறு காரணம் இருக்கிறதா?

எழுதத் தெரியவில்லை என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, அந்த 'ஒரே' என்ற எண்ணிக்கையிலேயே இருக்கிறது. ஐந்து ஆண்கள் இருக்கும் குழுவில் ஒருவனுக்குத் திமிர், ஒருவனுக்கு நேர்மை, ஒருவனுக்குக் கோபம் என்று குணங்களைப் பங்குபோட்டுக் கொடுத்துவிடலாம். பெண் ஒருத்திதான் என்றால், பெண் என்றதும் எழுதுபவர் மனதில் என்னவெல்லாம் வருகிறதோ அத்தனையும் அவள் தலையில் வந்து இறங்கும். கவர்ச்சி, காதல், தாய்மை, ஆறுதல், கண்ணீர், கடைசியில் தியாகம். இவ்வளவையும் சுமந்த பிறகு அவளுக்கென்று ஒரு ஆசையோ பிடிவாதமோ வைக்க இடமே இருக்காது. இன்னொன்று, பேசுவதற்கு வேறு பெண் இல்லாததால் அவளுடைய காட்சிகள் எல்லாமே ஏதோ ஓர் ஆணோடுதான் நடக்கும். அந்த ஆணுக்கு அந்தப் படத்தில் என்ன தேவையோ, அதுவாகவே அவள் ஆகிவிடுவாள்.

இதை ஒரே பாத்திரத்தை வைத்துச் சொல்கிறேன். மார்வெல் படங்களின் நதாஷா ரோமனாஃப், அதாவது பிளாக் விடோ. 2010-ல் 'அயர்ன் மேன் 2'-வில் அறிமுகமானதிலிருந்து 2021-ல் தன் பெயரிலேயே ஒரு படம் வந்ததுவரை, ஸ்கார்லெட் ஜொஹான்ஸன்தான் அவளாக நடித்தார். நடிகை மாறவில்லை, பாத்திரம் மாறவில்லை, எழுதியவர்களும் இயக்கியவர்களும்தான் மாறினார்கள். எழுத்து என்ன செய்யும் என்று பார்க்க இதைவிடத் தோதான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த 'குழுவுக்கு ஒரு பெண்' ஏற்பாடு சினிமா கண்டுபிடித்தது அல்ல, காமிக்ஸிலிருந்து வந்தது. மார்வெல் காமிக்ஸின் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் 1961-ல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' தொடங்கியபோது நான்கு பேரில் ஒருத்தி, சூ ஸ்டார்ம். 1963-ல் 'அவெஞ்சர்ஸ்' முதல் இதழில் ஐந்து பேரில் ஒருத்தி, வாஸ்ப். அதே ஆண்டு 'எக்ஸ்-மென்' வந்தது, அதிலும் ஐந்து மாணவர்களில் ஒருத்தி, ஜீன் கிரே. சூவுக்குக் கொடுத்த சக்தியைப் பாருங்கள்: யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்துபோவது. 2005-ல் அந்தக் காமிக்ஸ் படமாக வந்தபோது அந்தச் சக்தியையும் கவர்ச்சிக்குத்தான் பயன்படுத்தினார்கள். கூட்டத்தைத் தாண்டிப் போக உடையைக் கழற்றுகிறாள், சரியாக அந்த நேரம் பார்த்து உருவம் தெரிந்துவிடுகிறது, பாலம் முழுக்க வேடிக்கை பார்க்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் கேத்தா பாலிட் 1991-லேயே நியூயார்க் டைம்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதிவிட்டார். சிறுவர் நிகழ்ச்சிகளில் பையன்கள் கூட்டமாக இருப்பார்கள், ஆளுக்கொரு குணம் இருக்கும், நடுவில் ஒரே ஒரு பெண் இருப்பாள், அவளுடைய குணமே 'பெண்' என்பதுதான் என்றார். இதற்கு மாற்றும் அதே காமிக்ஸ் உலகில்தான் நடந்தது. 1975-லிருந்து கிறிஸ் கிளேர்மான்ட் 'எக்ஸ்-மென்' எழுதிய காலத்தில் ஸ்டார்மோடு கிட்டி பிரைட், ரோக் என்று பெண்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஸ்டார்ம் கம்பீரமான தலைவி, கிட்டி துடுக்கான பள்ளிக்கூடத்துப் பெண், ரோக் எதிரிக் கூட்டத்திலிருந்து திருந்தி வந்தவள். ஒருத்தி தப்புச் செய்தால் அது அவளுடைய தப்பாக மட்டும் இருந்தது. மொத்தப் பெண் குலத்துக்கும் பிரதிநிதியாக நிற்கும் வேலை அவர்களில் யாருக்கும் இல்லை.

சரி, நதாஷாவிடம் வருவோம்.

'அயர்ன் மேன் 2'-வில் அவள் வருவது அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் கம்பெனியில் சட்டப் பிரிவு ஊழியராக, நட்டாலி ரஷ்மன் என்ற பொய்ப் பெயரில். டோனியும் டிரைவர் ஹேப்பியும் குத்துச்சண்டை மேடையில் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்த பெண்ணை டோனி மேடைக்குக் கூப்பிடுகிறான். ஹேப்பி வாத்தியார் தோரணையில் நெருங்க, கண்மூடித் திறப்பதற்குள் அவனைக் கீழே சாய்க்கிறாள். டோனி அவள் பெயரைத் தேடிப் பார்க்க, உள்ளாடை விளம்பரப் படங்கள் வருகின்றன. பக்கத்திலிருக்கும் தோழி பெப்பரிடம் 'எனக்கு ஒன்று வேண்டும்' என்கிறான், கடையில் பொம்மை கேட்பதுபோல. பிறகு ஒரு காட்சியில் அவள் காரின் பின்சீட்டில் உடை மாற்ற, ஹேப்பி கண்ணாடியில் பார்க்கிறான். கடைசிச் சண்டையில் வரிசையாக ஆட்களை வீழ்த்துகிறாள், ஆனால் அங்கேயும் தமாஷ் ஹேப்பிக்கு எழுதப்பட்டது: அவன் ஒருவனோடு மல்லுக்கட்டி முடித்துத் திரும்பினால் இவள் எல்லோரையும் முடித்திருப்பாள்.

இந்தப் படத்தில் அவளுக்கு உண்மையில் ஒரு வேலை இருக்கிறது. டோனியை வேவு பார்த்து, அவன் அவெஞ்சர்ஸ் குழுவுக்குத் தகுதியானவனா என்று அறிக்கை எழுத வந்த உளவாளி அவள். ஒரு பெண் ஓர் ஆணை எடைபோடுகிறாள். நல்ல சரக்குள்ள விஷயம். ஆனால் அவன் வீட்டில் நாள்கணக்கில் இருந்து அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு காட்சிகூட இல்லை. கடைசியில் அந்த அறிக்கையை டோனிக்குக் கொடுப்பது அவளுடைய மேலதிகாரி நிக் ஃபியூரி. அவள் அந்த அறையிலேயே கிடையாது.

2012-ல் 'தி அவெஞ்சர்ஸ்'. எழுதி இயக்கியவர் ஜாஸ் வீடன். இதில் நதாஷாவின் முதல் காட்சியை இன்றைக்கும் நான் ரசித்துப் பார்ப்பேன். ரஷ்ய ஆயுதக் கும்பல் அவளை நாற்காலியில் கட்டிவைத்து விசாரிக்கிறது. அவளைத் தேடி போன் வருகிறது. அந்தக் கும்பலின் போனிலேயே! எடுத்துப் பேசியவள், 'நான் வேலையில் இருக்கிறேன், இந்த முட்டாள் எல்லாவற்றையும் தானாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்' என்று மேலதிகாரி கோல்சனிடம் சலித்துக்கொள்கிறாள். விசாரணை நடத்தியது அவள்தான் என்று அந்த ஒரு வரியில் புரிந்துவிடுகிறது. நண்பனும் சக உளவாளியுமான கிளின்ட் பார்ட்டன் எதிரியிடம் சிக்கிவிட்டான் என்று கேட்டதும் முகம் மாறுகிறது, கட்டிய நாற்காலியோடு எழுந்து மூன்று பேரையும் அடித்துப் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறாள்.

பின்னால் வில்லன் லோக்கியோடு ஒரு காட்சி. அவன் கண்ணாடிச் சிறைக்குள் இருக்கிறான். அவள் தன் பழைய பாவங்களைச் சொல்கிறாள், கணக்கில் சிவப்பு நிறைய இருக்கிறது, துடைக்க வேண்டும் என்கிறாள். அவன் அவளைப் பேச்சாலேயே கிழிக்கிறான். டிரேகோவின் மகள், சாவோ பாலோ, மருத்துவமனைத் தீ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டி, கேவலமான வசை ஒன்றையும் வீசுகிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவதுபோல 'நீ ஒரு ராட்சசன்' என்கிறாள். ராட்சசனைக் கூட்டிவந்தது நீங்கள்தானே என்று அவன் சிரிக்க, சட்டென்று திரும்புகிறாள். கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. குழுவிலிருக்கும் விஞ்ஞானி புரூஸ் பேனரை ஹல்க் என்ற பச்சை ராட்சசனாக மாற்றுவதுதான் அவன் திட்டம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அருமையாக எழுதப்பட்ட காட்சிகள், சந்தேகமில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தந்திரம். பெண் பலவீனமானவள் என்று எதிரி நினைப்பான், அந்த நினைப்பே அவளுக்கு ஆயுதம். 2021-ல் அவளுடைய சொந்தப் படத்தின் கிளைமாக்ஸிலும், டிரேகோவ் என்ற வில்லனைச் சீண்டி, அடி வாங்கி, அவன் வாயாலேயே ரகசியத்தை வரவழைப்பாள். மூன்றாம் முறையாக அதே வித்தை. ஒன்பது வருடத்தில் அவளுடைய மூளைக்கு எழுத்தாளர்கள் கொடுத்த வேலை பெரும்பாலும் இதுதான். இந்த ஆயுதம் செல்லுபடியாக வேண்டுமானால் எதிரில் எப்போதும் பெண்களை மட்டமாக நினைக்கும் ஓர் ஆண் இருந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் எனக்கு மிகவும் பிடித்த நதாஷா வேறு இடத்தில் இருக்கிறாள். ஹல்க் அவளைத் துரத்தி அடித்த பிறகு, ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறாள். யாரையும் ஏமாற்றுவதற்கான நடிப்பு கிடையாது, பக்கத்தில் யாரும் இல்லை. காதில் கிளின்ட் கப்பலுக்குள் வந்துவிட்டான் என்று கேட்கிறது. இன்னும் நடுக்கம் போகாமலே எழுந்து போகிறாள். தெய்வமும் சூப்பர் சிப்பாயும் பச்சை ராட்சசனும் இருக்கும் இடத்தில் சக்தி எதுவும் இல்லாத ஒரு மனுஷி என்ன உணர்வாள் என்று அந்தச் சில நொடிகள் சொல்கின்றன.

அடுத்தது 2014-ல் 'தி வின்டர் சோல்ஜர்'. என்னைக் கேட்டால் நதாஷாவை ஒழுங்காக எழுதிய முதல் படம் இதுதான். திரைக்கதை கிறிஸ்டோபர் மார்கஸும் ஸ்டீஃபன் மெக்ஃபீலியும், இயக்கம் ருஸ்ஸோ சகோதரர்கள். தொடக்கத்திலேயே ஒரு கப்பலில் பிணைக்கைதிகளை மீட்கும் வேலை நடக்கும்போது, கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ராஜர்ஸுக்குத் தெரியாமல் அவள் கம்ப்யூட்டர் தகவல்களைப் பதிவிறக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேறு உத்தரவு, வேறு நோக்கம். ஸ்டீவுக்குக் கோபம் வருகிறது, அவள் கவலைப்படவில்லை. ஒரு கதாபாத்திரத்துக்கு உயிர் வருவது இப்படித்தான்: அவளுக்கென்று ஒரு காரியம் இருக்கிறது, அது நாயகனுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு தான் வேலை பார்த்த ஷீல்டு உளவு அமைப்பே உள்ளுக்குள் ஹைட்ரா என்ற எதிரிக் கூட்டம் என்று தெரிந்ததும் அவள் உடைகிற இடம் வருகிறது. ரஷ்யர்களிடமிருந்து இந்தப் பக்கம் வந்ததால் நேர்மையானவளாகிவிட்டேன் என்று நினைத்தேன், இப்போது யாருடைய பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றே தெரியவில்லை என்ற பொருளில் பேசுகிறாள். இது அவளுக்கே உரிய துக்கம். கடைசியில் ஷீல்டின் ரகசியங்கள் முழுவதையும் இணையத்தில் கொட்டுகிறாள், அதில் அவளுடைய கடந்த காலமும் சேர்ந்தே வெளியே போகும் என்று தெரிந்தே செய்கிறாள். ஸ்டீவோடு காதலும் கிடையாது. ஒரு முத்தம் உண்டு, அதுவும் துரத்துபவர்களின் கண்ணில் மண்ணைத் தூவத்தான். பொய்ப் பெயர்களெல்லாம் போய்விட்டன, இனி நான் யார் என்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அடுத்த படத்துக்கு இதைவிடப் பெரிய வாசல் எழுத்தாளருக்கு வேண்டுமா?

அந்த வாசலை யாரும் திறக்கவில்லை. 2015-ல் அவெஞ்சர்ஸின் இரண்டாம் படம் 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' வந்தபோது முகமூடிகளைத் தொலைத்த உளவாளி எங்கேயோ போய்விட்டாள். மீண்டும் வீடன். இப்போது அவளுடைய வேலை, சண்டை முடிந்ததும் ஹல்க்கின் பக்கத்தில் போய் மெல்லப் பேசி, கையைத் தடவி, அவனை மறுபடி புரூஸ் பேனராக்குவது. படத்திலேயே அதற்குத் தாலாட்டு என்றுதான் பெயர். கோபக்கார ஆணைத் தணிக்கும் வேலைக்கு அந்தக் குழுவில் வேறு யாரும் பரிசீலிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அப்புறம், அதே பேனரோடு காதல்.

நிறையப் பேருக்குக் கோபம் வந்த காட்சி கிளின்டின் பண்ணை வீட்டில் நடக்கிறது. குழு அங்கே ஒளிந்திருக்கிறது. கிளின்டின் மனைவி லாரா நிறைமாத கர்ப்பிணி, குழந்தைகள் ஓடியாடுகிறார்கள். படுக்கையறையில் பேனர் சொல்கிறான்: இந்த மாதிரி வாழ்க்கையை என்னால் உனக்குத் தர முடியாது, குழந்தை பெற்றுக்கொள்ள முடியாது. அதற்கு அவள், தான் வளர்ந்த 'ரெட் ரூம்' பயிற்சிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறாள். பயிற்சி முடியும்போது ஒரு சடங்கு உண்டு, கருத்தரிக்க முடியாதபடி ஆக்கிவிடுவார்கள், வேலையைவிடப் பெரியதாக ஒன்று வந்துவிடக் கூடாது என்பதற்காக. அதன் பிறகு எல்லாமே சுலபம், கொலைகூட. இதைச் சொல்லிவிட்டு அவள் கேட்கிறாள், இந்தக் குழுவில் ராட்சசன் நீ மட்டும்தான் என்று இன்னும் நினைக்கிறாயா?

நியாயமாகப் பார்த்தால், ராட்சசன் என்று அவள் சொல்வது கொலை செய்யப் பழக்கப்பட்டதைத்தான். கடைசி வார்த்தை கொலைதானே. ஆனால் பேச்சு குழந்தையில் ஆரம்பிக்கிறது, நடுவில் கருப்பை, பின்னணியில் கர்ப்பிணியும் குழந்தைகளும் நிறைந்த வீடு. தியேட்டரில் கேட்பவர் காதில், பிள்ளை பெற முடியாதவள் ராட்சசி என்றுதான் விழும். பிள்ளையில்லாத பெண்ணை நாலு பேர் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வரி எங்கே போய்க் குத்தும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு வரியை எழுதும்போது அது சொல்ல வருவது என்ன என்பது எவ்வளவு முக்கியமோ, எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம்.

இதை எப்படி எழுதியிருக்கலாம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பதில் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. லாரா நதாஷாவின் நெருங்கிய தோழி. பிறக்கப்போகும் குழந்தைக்கு இவள் பெயரை வைப்பதாகக்கூடப் பேச்சு இருந்தது. ஆனால் படம் அவர்கள் இருவருக்கும் கொடுத்திருப்பது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்ற ஒரு சின்ன விளையாட்டுப் பேச்சு மட்டும். அதே விஷயத்தை, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, நதாஷா லாராவிடம் சொல்லியிருந்தால்? காதலை மறுப்பவனுக்குச் சொல்லும் பதிலாக இல்லாமல், தனக்கு நடந்த அநியாயத்தைத் தோழியிடம் சொல்வதாக இருந்திருக்கும். ராட்சசன் என்ற ஒப்பீட்டுக்கே தேவை வந்திருக்காது. இத்தனைக்கும் கூடுதலாக ஒரு பாத்திரம் உருவாக்க வேண்டியதில்லை, அந்தப் பெண் அந்த வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இதில் எனக்குத் தாங்க முடியாத இன்னொரு விஷயம் உண்டு. டோனியின் பார்வைக்கு ஒரு படம், கிளின்டின் தோழியாக ஒரு படம், ஸ்டீவோடு ஒரு படம், பேனரோடு ஒரு படம் என்று எழுத்தாளர்கள் அவளை ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பலன், 2015-ல் பட விளம்பரப் பேட்டி ஒன்றில் சக நடிகர்கள் இருவர் அந்தப் பாத்திரத்தின் ஒழுக்கத்தைக் கேலி செய்து சிரித்தார்கள், பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். திரைக்கதையின் சோம்பலுக்குப் பழி அவள் நடத்தைமேல் வந்து விழுந்தது.

எழுத்தாளர்களை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. மேலே இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பிற்பாடு வெளியே வந்தது. சோனி நிறுவனத்தின் மின்னஞ்சல்கள் கசிந்தபோது, மார்வெல் தலைமை நிர்வாகி ஐக் பெர்ல்மட்டர் 2014-ல் எழுதிய ஒரு கடிதமும் அதில் இருந்தது. பெண் நாயகிப் படங்கள் ஓடாது என்பதற்கு அவர் வரிசைப்படுத்தியவை 'எலெக்ட்ரா', 'கேட்வுமன்', 'சூப்பர்கேர்ள்'. சூப்பர்கேர்ள் 1984-ல் வந்த படம்! 2011-ல் 'கிரீன் லேன்டர்ன்' பலத்த அடி வாங்கியபோது, ஆண்களை வைத்து இனி எடுக்க வேண்டாம் என்று யாரும் கடிதம் எழுதவில்லை. 'அயர்ன் மேன் 3'-ல் முதலில் வில்லியாக இருந்தது ஒரு பெண் பாத்திரம், பொம்மை விற்காது என்று மேலிடம் சொன்னதால் ஆணாக மாற்றினோம் என்று அதன் இயக்குநர் ஷேன் பிளாக் 2016-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

பொம்மை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்'-ல் விமானத்திலிருந்து மோட்டார் பைக்கோடு நதாஷா தெருவில் குதிக்கும் அட்டகாசமான காட்சி ஒன்று உண்டு. ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி அந்தக் காட்சிக்குப் பொம்மை போட்டது. பைக்கில் உட்கார்ந்திருந்தது கேப்டன் அமெரிக்கா. ஹல்க்காக நடித்த மார்க் ரஃபலோவே, என் மகள்களுக்கும் உடன்பிறந்தவர்களின் மகள்களுக்கும் இன்னும் நிறைய பிளாக் விடோ பொருட்கள் வேண்டும் என்று ட்விட்டரில் கேட்க வேண்டியிருந்தது.

மார்வெலின் போட்டிக் கம்பெனியான, பக்கத்து வீடான டிசியில் நடந்ததும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2017 ஜூனில் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய 'வொண்டர் வுமன்' வந்தது. நவம்பரில் 'ஜஸ்டிஸ் லீக்' வந்தது. இரண்டிலும் கேல் கடோட் நடித்த அதே டயானாதான், அதாவது வொண்டர் வுமன். முதல் படத்தில் அவள் வளர்வது பெண்கள் மட்டுமே வாழும் தீவில். அம்மா சண்டை வேண்டாம் என்கிறாள், சித்தி ரகசியமாகக் கற்றுக்கொடுக்கிறாள், இவளுக்கு ஊரைவிட்டுப் போயே ஆக வேண்டும். போர்முனையில் எல்லோரும் முடியாது என்று சொல்லும் இடத்தைக் கடந்து அவள் நடக்கும்போது நமக்கு மயிர்க்கூச்செறிவதற்குக் காரணம், அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு மணி நேரமாக நமக்குத் தெரியும். ஐந்து மாதம் கழித்து ஆறு பேரில் ஒரே பெண்ணாக நிற்கும்போது, ஃபிளாஷ் அவள்மேல் தடுக்கி விழுந்து நெளிகிறான், அக்வாமேன் அவள் அழகைப் புகழ்ந்து வழிகிறான், பேட்மேனான புரூஸ் வெய்ன் அவளுடைய இறந்துபோன காதலனைச் சொல்லிக் குத்துகிறான். அதே ஆண்டு, அதே நடிகை, அதே உடை. சுற்றி யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் மாறியது, பாத்திரமே சுருங்கிவிட்டது.

மார்வெலில் 2019-ல் 'எண்ட்கேம்'. பிரபஞ்சத்தின் பாதி உயிர்கள் அழிந்த பிறகு, ஐந்து வருடமாக அவெஞ்சர்ஸ் அலுவலகத்தை ஒற்றை ஆளாக நடத்துவது நதாஷா. மேஜையில் ஒரு சான்ட்விச், எதிரே உலகமெங்கும் உள்ள ஆட்களின் ஒளி உருவங்கள். எனக்கு எதுவும் இல்லாமலிருந்தது, இந்த வேலை கிடைத்தது, இந்தக் குடும்பம் கிடைத்தது என்று ஸ்டீவிடம் சொல்கிறாள். தமிழில் பார்த்தவர்கள் இதை ஆண்ட்ரியாவின் குரலில் கேட்டிருப்பீர்கள். எல்லோரும் நொறுங்கிப் போன இடத்தில் நிர்வாகத்தைப் பிடித்து நிறுத்துபவளாக அவளை எழுதியது நல்ல யோசனை. அந்த நதாஷாவோடு இன்னும் அரை மணி நேரம் இருந்திருக்கலாம்.

ஆனால் வோர்மிர் கிரகத்தின் பாறை உச்சி காத்திருந்தது. அழிந்தவர்களை மீட்கத் தேவையான ஒரு மாயக் கல்லுக்காக ஓர் உயிர் போக வேண்டும். கிளின்டும் அவளும் நான் நீ என்று போட்டி போட்டு, அவள் விழுகிறாள். படத்தின் முந்தைய வரைவில் கிளின்ட் சாவதாக இருந்தது என்றும், படக்குழுவில் இருந்த ஒரு பெண்ணே அதைப் படித்துவிட்டு 'இந்த முடிவை நதாஷாவிடமிருந்து பறிக்காதீர்கள்' என்றார் என்றும் மார்கஸும் மெக்ஃபீலியும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். சிவப்புக் கணக்கைத் துடைக்க வேண்டும் என்ற அவளுடைய பழைய ஆசைக்கு அது ஒரு முடிவுதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கிளின்டுக்குக் குடும்பம் இருக்கிறது, இவளுக்கு இல்லை என்ற கணக்கு, சொல்லாமலே அந்தக் காட்சியில் ஓடுகிறது. இன்னொன்றையும் பாருங்கள். முந்தைய வருடம் 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் அதே பாறையிலிருந்து தள்ளப்பட்டவள் கமோரா, 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' என்ற இன்னொரு மார்வெல் குழுவின் முதல் ஐந்து பேரில் ஒரே பெண். படங்களின் முதல் ஆறு அவெஞ்சர்களில் ஒரே பெண் நதாஷா. இரண்டு குழுக்களின் ஒற்றைப் பெண்களும் ஒரே கல்லுக்கு, ஒரே பள்ளத்தில். அதே படத்தில் சாகும் டோனிக்கு ஏரிக்கரையில் எல்லோரும் வரிசையாக நின்று இறுதி மரியாதை செய்தார்கள். நதாஷாவுக்குக் கிடைத்தது, நண்பர்கள் ஐந்து பேர் கொஞ்ச நேரம் கலங்கி நிற்கும் ஒரு காட்சி.

அவள் செத்த பிறகு, 2021 ஜூலையில், அவளுடைய படம் வந்தது. அறிமுகமாகிப் பதினோரு வருடம் கழித்து! கேட் ஷார்ட்லேண்ட் இயக்கினார். அந்த டிரேகோவ் கிளைமாக்ஸைத் தவிர்த்துப் பார்த்தால், நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அந்தப் படமே சாட்சி. இதில் நதாஷாவுக்குத் தங்கை இருக்கிறாள், ஃப்ளோரன்ஸ் பியூ நடித்த யெலெனா. சின்ன வயதில் ஒரு பொய்க் குடும்பத்தில் அவர்களுக்கு அம்மாவாக நடித்த உளவாளி மெலினா இருக்கிறாள். உடனே நதாஷாவின் தோளிலிருந்து பாரம் இறங்கிவிடுகிறது. வேடிக்கை யெலெனாவுக்கு, கணக்கும் குற்றவுணர்வும் மெலினாவுக்கு, நதாஷா முதல்முறையாக ஓர் அக்காவாக, பொறுமை இழப்பவளாக, சங்கடப்படுபவளாக, பொய் சொல்லி மாட்டிக்கொள்பவளாக இருக்கிறாள்.

யெலெனா அவளுடைய பிரபலமான சண்டை நிலையை, அந்த முடியைச் சிலுப்பிக்கொண்டு தரையில் ஊன்றி நிற்பதை, கேலி செய்கிறாள். நீ சும்மா போஸ் கொடுக்கிறவள் என்கிறாள். பத்து வருடமாகக் கேமரா ரசித்த ஒரு விஷயத்தை, இன்னொரு பெண் வந்து ஒரே வாக்கியத்தில் உடைக்கிறாள். ஓர் ஆண் சொல்லியிருந்தால் அது அவமானம். தங்கை சொல்வதால் வீட்டுச் சண்டை.

2015-ன் அந்தக் கருப்பை விஷயமும் திரும்ப வருகிறது. அந்தப் பொய்க் குடும்பத்தில் அப்பாவாக நடித்த அலெக்சி, கோபமாக இருக்கும் பெண்களிடம் மாதவிலக்கா என்று அசட்டுத்தனமாகக் கேட்கிறான். யெலெனா, எங்களுக்குக் கருப்பையே இல்லை, எப்படி அறுத்தெடுப்பார்கள் தெரியுமா என்று உறுப்புகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி விளக்க, அவன் போதும் போதும் என்று நெளிகிறான். அதே கொடுமை, அதே வரலாறு. இங்கே வெட்கப்படுவது அவன். அவள் தன்னை ராட்சசி என்று நினைப்பதாக ஓர் எழுத்துகூட இல்லை.

எனக்கு இன்னும் பிடித்தது அந்த மேல்சட்டை. நிறையப் பைகள் வைத்த பச்சைச் சட்டை ஒன்றைக் காட்டி, என் வாழ்க்கையில் நானே எனக்காக வாங்கிய முதல் துணி இது என்று யெலெனா பெருமைப்படுகிறாள். மூளையைக் கட்டிப்போட்டு, உடுப்பது முதல் கொல்வதுவரை அடுத்தவர் முடிவெடுத்த பெண்ணுக்கு, விடுதலை என்பது ஒரு கடைக்குப் போய்ச் சட்டை எடுப்பது. ஒரு கதாபாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதை இவ்வளவு சின்னப் பொருளில் காட்ட முடியும் என்றால், அதற்கு முன் வந்த அத்தனை படங்களும் ஏன் நதாஷாவுக்கு இப்படி ஒன்று கொடுக்கவில்லை? கடைசியில் அந்தச் சட்டை நதாஷாவிடம் போகிறது. 'இன்ஃபினிட்டி வார்'-ல் அவள் போட்டிருப்பது அதுதான்.

ஆக, உங்கள் கேள்விக்கு நான் சொல்லும் வைத்தியம் மிக எளிது: இன்னொரு பெண்ணை உள்ளே விடுங்கள், அவளுக்கும் ஒரு காரியம் கொடுங்கள். ஆனால் எண்ணிக்கை கூடினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2025-ல் வந்த 'தண்டர்போல்ட்ஸ்' படத்தைப் பாருங்கள். நாயகி யெலெனாதான். தனக்குள் ஒரு வெறுமை இருக்கிறது, செய்யும் வேலையில் அர்த்தமில்லை என்று முதல் காட்சியிலேயே அவள் சொல்லிவிடுகிறாள், படம் முழுக்க அதையே பின்தொடர்கிறது. ஒரு சூப்பர்ஹீரோ படம் ஒரு பெண்ணின் மனச்சோர்வை இவ்வளவு மதித்து எழுதியதற்குப் பாராட்ட வேண்டும். அதே படத்தில் கோஸ்ட் என்ற ஏவா இருக்கிறாள். சுவரை ஊடுருவிப் போவதும் நக்கலாக நாலு வார்த்தை பேசுவதும் தவிர அவளுக்கு எழுதப்பட்டது குறைவு.

அவளாவது பரவாயில்லை. லோக்கி 2012-ல் சொல்லிக் காட்டிய அந்த டிரேகோவின் மகள் அன்டோனியா, நதாஷாவின் கணக்கிலேயே பெரிய சிவப்பு, 2021-ல் நதாஷா உயிரைப் பணயம் வைத்து விடுவித்தவள், இந்தப் படத்தில் வந்த சற்று நேரத்துக்குள் சுடப்பட்டுச் சாகிறாள். ஏறக்குறைய ஒரு வசனமும் இல்லை. கூடவே நிற்கும் யெலெனாவுக்கு, தன் அக்கா யாரைக் காப்பாற்றுவதற்காக அவ்வளவு பாடுபட்டாளோ அவள்தான் செத்துக் கிடக்கிறாள் என்று உறைப்பதற்குக்கூடத் திரைக்கதை நேரம் கொடுக்கவில்லை. அவளைக் கொல்வது என்று முடிவு செய்ததைக்கூட நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன் அந்த இரண்டு பெண்களுக்கும் ஒரே ஒரு பேச்சு எழுதியிருக்கலாம்.